தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரியை நியூட்ரலில் விடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் தம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு பத்துச் சக்கர லாரி வாங்கி, பெங்களூரிலிருந்து சேலம், மதுரைப் பக்கம் லோடு அடிக்கிறார். தொப்பூர் இறக்கத்தில் பின் சக்கரத்திலிருந்து புகை வந்திருக்கிறது. கூட ஓடுகிறவர்கள் "நியூட்ரலில் விடு, டீசல் மிச்சம்" என்கிறார்கள். இன்னொருவர் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை மூடி எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிற ஏற்பாடு) அடிக்கடி போட்டால் எஞ்சின் போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். அடுத்து திம்பம் மலைப்பாதை வழியாக மைசூருக்கு லோடு பேசியிருக்கிறீர்கள். மலையில் வண்டி நின்றுபோனால் வேறு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க நாலு கேள்வி. உள்ளே ஒரே கேள்விதான்: இத்தனை டன் எடை கீழே இறங்கும்போது பிறக்கிற சூட்டை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது? நான் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு இப்போது கனரக ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். லோடோடு மலை இறங்கும்போது நியூட்ரல் கூடாது. "ரோடு காலியாக இருந்தால்", "கொஞ்ச தூரம்தானே" என்ற சமாதானம் எதுவும் இதில் செல்லாது. ஏன் என்று கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று ஆக்சில் லாரிக்கு 2018-இல் உயர்த்தப்பட்ட மொத்த எடை 28.5 டன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்குகிற சாலையில் அந்த எடை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், அதற்கு மேல் ஏறாமல் இறங்க வேண்டுமென்றால், நொடிக்கு நொடி சுமார் 185 குதிரைத்திறனை யாராவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டயர் உருளும் தடையும் எதிர்க்காற்றும் ஒரு 20, 25 எடுத்துக்கொண்டாலும் மீதி 160. வண்டியின் எஞ்சினே 200, 250 குதிரைத்திறன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கியரில் இருந்தால் அந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கி, சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக் டிரம்மின் தலையில். வேகம் 60 ஆனால் அதே இறக்கத்தில் அதே டிரம்கள் இரண்டு மடங்கு சூட்டை வாங்க வேண்டும். தம்பி பார்த்த புகை இதுதான்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஏர் பிரேக்குக்குக் காற்று பிடித்துக் கொடுக்கிற கம்ப்ரஸர் எஞ்சினோடுதான் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் இருக்கும். கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்று பிடிக்கும். வேகம் கூடக் கூட ஓட்டுநர் பெடலை மிதித்து மிதித்து விடுவார்; ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று குறையும். அதாவது காற்று அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் வரத்து குறைவாக இருக்கும். அப்புறம் பயந்துபோய்க் கியர் போடலாம் என்று பார்த்தால் விழாது. 60-இல் ஓடுகிற வண்டிக்கு மூன்றாம் கியர் ஏற்காது; பல் உரசுகிற சத்தம்தான் வரும். எப்படியோ அடித்துப் போட்டுவிட்டாலும் எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுற்றி வால்வு அடிபடும். சிலர் இதையும் மிஞ்சி எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குகிறார்கள். பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், காற்று வரத்தும் நின்றுவிடும். அதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

டீசல் மிச்சம் என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைச் சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். இப்போதைய காமன் ரயில் எஞ்சினில் (டீசல் விடுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற எஞ்சின்), கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போனால், இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். ஒரு சொட்டு கூடச் செலவில்லை. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டிருக்கும். ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலைக் கூட்டும், குறைக்காது. மிக லேசான சரிவில், வண்டி தானாக வேகம் பிடிக்காத இடத்தில், நியூட்ரலில் விட்டால் கொஞ்ச தூரம் கூடுதலாக உருளும், அதில் ஏதோ மிச்சமாகும் என்று சொல்கிறவர்களை நான் முழுதாக மறுக்க மாட்டேன். அது மேம்பாலத்துச் சரிவுக் கதை. தொப்பூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரேக் லைனிங்கும் டயரும் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எந்தக் கியர்? "எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எஞ்சினுக்குச் சக்தி குறைவாக இருந்த காலத்து லாரிகளுக்கு அது சரியான விதி. இப்போதைய வண்டிகள் டர்போவின் பலத்தில் அதே மேட்டை ஒரு கியர் கூடுதலாகவே ஏறிவிடுகின்றன. அந்தக் கியரில் இறங்கினால் வேகம் பிடிக்காமல் நிற்காது. ஆகவே ஏறும் கியருக்கு ஒன்று கீழே என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். எண்ணைச் சொல்லி "மூன்றாம் கியர்" என்று நான் எழுதினால் தவறாகப் போகும், ஏனென்றால் ஆறு கியர் பெட்டியும் ஒன்பது கியர் பெட்டியும் ஒன்றில்லை, கிரவுன் ரேஷியோவும் (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கர விகிதம்) வண்டிக்கு வண்டி மாறும். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு கவனியுங்கள். வேகம் அப்படியே நின்றாலோ மெதுவாக ஏறினாலோ கியர் சரி. விறுவிறுவென்று ஏறினால் ஒரு கியர் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

இருந்திருக்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். கியரைக் குறைக்க வேண்டிய இடம் இறக்கத்தின் உச்சி. வண்டி இறங்கத் தொடங்கிய பிறகு கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றுகிற அந்த இரண்டு நொடியில் வண்டி நியூட்ரலில்தான் ஓடுகிறது. வேகமும் அந்த நேரத்தில்தான் எகிறுகிறது. மேலே, தரை சமமாக இருக்கும்போதே வேகத்தை 20, 25-க்குக் கொண்டுவந்து, கியரைப் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் மூக்கை இறக்குங்கள். மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும். வேகமாக ஆரம்பித்துவிட்டுக் குறைப்பதற்குத்தான் சூடு என்ற விலையைக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமாகும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டுவான். அடிக்கட்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கால் எஞ்சின் கெடும் என்பது பயம்தான், உண்மையில்லை. புகைக்குழாயில் ஒரு மூடி இருக்கிறது. ஸ்விட்ச் போட்டால் அது மூடிக்கொள்கிறது, டீசலும் நிற்கிறது. பிஸ்டன்கள் வெளியே போக வழியில்லாத காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு சுற்றுகின்றன. கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஏற்பாடு, அந்த அழுத்தத்தைத் தாங்கும்படிதான் எஞ்சினை வடிவமைத்திருக்கிறார்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்குப் பலம் என்பது முக்கியம். சமதரையில் டீசலுக்காக எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரின் முள்ளைப் பச்சைப் பட்டையிலேயே வைத்திருக்கப் பழகிய ஓட்டுநர் இறக்கத்திலும் அங்கேயே வைத்தால், "எக்ஸாஸ்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்பார். இறக்கத்தில் முள் பச்சைக்கு மேலே, சிவப்புக்குக் கீழே நிற்க வேண்டும். சத்தம் கூடுதலாக இருக்கும், பழகிவிடும். கெடுவது எஞ்சின் இல்லை, அந்த மூடிதான்: கரி படிந்து பாதியில் சிக்கிக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் மூடி முழுதாக மூடித் திறக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மழையில், லோடு இல்லாத வண்டியில், வழுக்குகிற சாலையில் இதைத் திடீரென்று போடாதீர்கள். அது இழுத்துப் பிடிப்பது எஞ்சின் சுழற்றுகிற பின் ஆக்சிலின் சக்கரங்களை மட்டும்தான். அவை சறுக்கினால் பின்பக்கம் ஒதுங்கும்.

எஞ்சின் விழுங்கியது போக மீதி உள்ளதைப் பெடல்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. ஒரு கட்சி, பெடலை லேசாக, தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கு என்கிறது. இன்னொரு கட்சி, ஒரு வேகத்தை உச்சமாக வைத்துக்கொள், அதைத் தொட்டதும் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து ஏழெட்டு கிலோமீட்டர் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடு, மறுபடி தொட்டால் மறுபடி பிடி என்கிறது. அமெரிக்காவின் கனரக ஓட்டுநர் கையேடு இரண்டாவதைத்தான் சொல்கிறது. மொத்தச் சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, அதை யாரும் மாற்ற முடியாது. லேசாக அழுத்தும்போது ஆறு டிரம்மில் மூன்று மட்டும் பிடித்து மற்றவை சும்மா இருக்க வாய்ப்புண்டு. அழுத்தமாகப் பிடித்தால் எல்லாச் சக்கரமும் பங்கு வாங்கும். அதனால் நான் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாவதைப் பழகி, வண்டியின் பிரேக் எல்லாச் சக்கரத்திலும் சமமாக இருக்கும்படி பராமரிக்கிறவரை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். இரண்டு கட்சியிலும் சேராத ஒன்று இருக்கிறது: படபடவென்று அடித்து அடித்து விடுவது. அது காற்றைத்தான் தீர்க்கும்.

டிரம்முக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 410 மில்லிமீட்டர் அளவுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் மேல் விரியும். இரண்டு பக்க லைனிங்கும் சேர்ந்து இன்னும் அவ்வளவு வெளியே போய்த்தான் அதைத் தொட வேண்டும். இந்தச் சின்ன இடைவெளி ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனிங் இடைவெளியைச் சரிசெய்கிற நெம்புகோல்) வழியாக, காற்று வந்து தள்ளுகிற பிரேக் சேம்பரின் ராடுக்கு வரும்போது பல மடங்காகிறது. ராடு நீளக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. அட்ஜஸ்ட்மென்ட் ஏற்கனவே தளர்ந்திருந்தால் ராடு எல்லைக்குப் போய் நின்றுவிடும். காற்று முழுசாக இருக்கும், பெடலும் இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. இதோடு சூடேறிய லைனிங்கின் பிடிப்பும் குறைந்துபோகும். ஆகவே "பிரேக் ஃபெயிலியர்" என்று பேப்பரில் வருகிறதே, அதில் பெரும்பாலும் எதுவும் அறுந்தோ உடைந்தோ போயிருக்காது. ஆறவைத்து எடுத்தால் அதே பிரேக் மறுபடி பிடிக்கும். விபத்துக்குப் பிறகு பார்க்கிறவர்கள் குழம்புவது இதனால்தான்.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே, காற்று இறங்கினால் தானாக லாக் ஆகிவிடுமே என்று ஒரு தைரியம் ஓட்டுநர்களுக்கு உண்டு. டேங்க் நிறைந்தால் காற்று அழுத்த மீட்டரின் முள் 8 கிலோவை ஒட்டி நிற்கும். 5 கிலோவை ஒட்டி இறங்கும்போது பஸ்ஸர் கத்தும். அதற்கும் கீழே போகப் போக ஹேண்ட் பிரேக்கின் ஸ்பிரிங் பின் சக்கரங்களைப் பிடிக்கும். உண்மைதான். ஆனால் அந்த ஸ்பிரிங்கும் தள்ளுவது அதே லைனிங்கை, அதே விரிந்த டிரம்மில். நீளும் தூரம் கூடக் கூட ஸ்பிரிங்கின் பலமும் குறையும். சூடான பிரேக்குக்கு அது காப்பு இல்லை. இறங்கி முடித்து நிறுத்தும்போதும், டிரம் கொதித்துக்கொண்டிருந்தால் ஹேண்ட் பிரேக்கை நம்பி விட்டுவிடாமல் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். தண்ணீரை எடுத்து ஊற்றுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். செய்ய வேண்டாம்.

(படிக்கிறவர்களில் சின்ன லோடு வண்டி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுடையது ஆயில் பிரேக். அங்கே வேறொரு ஆபத்து: சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் ஸ்பஞ்சு மாதிரி அமுங்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140-க்கே கொதிக்கலாம். ஊட்டி, ஏற்காடு பக்கம் ஓடுகிறீர்கள் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போவது மாற்றுவது ஆகாது.)

இனி நீங்கள் சொன்ன இரண்டு இடங்கள். தொப்பூர் ஏமாற்றுகிற இறக்கம். கொண்டை ஊசி கிடையாது, நாலு வழிச் சாலை, பார்வைக்கு அகலம். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது நீளமாக இறங்கிக்கொண்டே போய், வேகம் நன்றாக ஏறிய பிறகு இரட்டைப் பாலத்துப் பக்கம் வளைவைக் கொண்டுவந்து நிறுத்தும். 2024 ஜனவரியில் அந்தப் பாலத்தில் பின்னால் வந்த லாரி முன்னால் போன வண்டிகள் மேல் மோதி நான்கு பேர் இறந்த சிசிடிவி காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவுக்கு மாற்றாக உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. அது முடியும் வரைக்கும், ஏன் முடிந்த பிறகும், மேலே கணவாயில் "குறைந்த கியரில் செல்லவும்" என்ற பலகையைப் பார்த்ததும் நான் மேலே சொன்னதைச் செய்ய வேண்டும். சாலை நன்றாக இருப்பது இறக்கத்தைக் குறைத்துவிடாது.

திம்பம் வேறு ரகம். பண்ணாரியிலிருந்து மேலே 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே யாரும் வேகமாகப் போக மாட்டார்கள், போகவும் முடியாது. ஆபத்து வளைவில் சிக்குவது, ஏறமுடியாமல் பின்னால் நழுவுவது, சாய்வது. முதலில் ஒரு நடைமுறை விஷயம்: புலிகள் காப்பகத்துச் சாலை என்பதால் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே இரவுப் போக்குவரத்துத் தடையும், எடைக்கும் சக்கர எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடும் இருக்கின்றன. உங்கள் பத்துச் சக்கரம் லோடோடு அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருமா என்று லோடு ஒப்புக்கொள்ளும் முன்பே சோதனைச் சாவடியில் விசாரித்துவிடுங்கள். வராது என்றால் சுற்றுவழிக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள். லோடு ஏற்றிக்கொண்டு போய்ப் பண்ணாரியில் திருப்பி அனுப்பப்பட்டு, டீசல் காசு யார் தருவது என்று சண்டை போடுகிறவர்கள் நிறைய.

வளைவைப் பற்றி: இந்தியச் சாலைப் பேரவையின் மலைச்சாலை அளவுகோலில் கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வேகம் 20 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே வெட்டிய பழைய மலைச்சாலைகளில் அதுவும் கிடைக்காது. பின் சக்கரங்கள் எப்போதும் முன் சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் வெளி ஓரத்தைப் பிடித்து நுழைந்து, முன்பக்கம் நன்றாகத் தாண்டிய பிறகு ஒடிக்க வேண்டும். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க முடியாத வளைவில் ஹாரன் அடித்து, நிதானித்து நுழையுங்கள். பிரேக்கும் கியரும் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், வளைவுக்குள் ஸ்டியரிங் மட்டும். இடம் போதாத இடத்தில் இறங்குகிறவர்தான் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, சட்டத்திலும் இருக்கிறது. லோடோடு மேட்டில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம், கிளட்ச் எவ்வளவு தேயும் என்பது கிளப்பியவருக்குத் தெரியும்.

ஏறும்போது கிளீனர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். வண்டி திணறினால் இறங்கி, பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்று கட்டையை வைக்க வேண்டும். நேர் பின்னால் நிற்கக் கூடாது. கட்டை இல்லாமல் ரோட்டோரக் கல்லை எடுத்து வைக்கிறவர்கள் வண்டி கிளம்பியதும் அதை அப்படியே நடு ரோட்டில் விட்டுவிட்டு ஓடி ஏறிக்கொள்கிறார்கள். இரவில் வளைவு திரும்பி வருகிற பைக்காரன் கதி என்ன? கட்டையில் ஒரு கயிறு கட்டி வண்டியிலேயே மாட்டி வையுங்கள், கிளம்பும்போது கூடவே வந்துவிடும்.

லோடு கட்டுவதில் ஒரு வரி: சமதரையில் அசையாத சரக்கு இறக்கத்தில் முன்னால் நகரும். கம்பி, பைப், கருங்கல் ஏற்றினால் முன் பலகையோடு ஒட்ட வைத்துச் செயின் போட்டு இறுக்குங்கள். முதல் சில வளைவுகள் தாண்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கட்டி இழுப்பது பற்றிக் கேட்டீர்கள். மலை இறக்கத்தில் கயிறோ செயினோ கட்டி இழுப்பது வேண்டாம். இதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கயிறு இழுக்கத்தான் செய்யும், தடுக்காது; இறக்கத்தில் பின்னால் இருக்கிற வண்டி முன்னால் இருப்பதன் மேல் போய் விழும். தடுக்க வேண்டியது பின் வண்டியின் பிரேக். ஆனால் எஞ்சின் ஓடாத வண்டியில் காற்று ஏது? காற்று இல்லையென்றால் ஸ்பிரிங் பிரேக் லாக் ஆகி வண்டி நகரவே நகராது. அப்போது நம் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சேம்பருக்குப் பின்னால் இருக்கிற ரிலீஸ் போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். சக்கரம் சுற்றும். அந்த நிமிடத்திலிருந்து அந்த வண்டியில் காற்றுப் பிரேக்கும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. அதைக் கயிற்றில் கட்டி வளைவில் இறக்குவதற்கு யார் ஒப்புக்கொண்டாலும் நீங்கள் ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள்.

சரியான வழி, ரெக்கவரி வண்டியை வரவழைத்து இரும்பு ராடு போட்டு இணைத்து, இழுக்கும் வண்டியிலிருந்தே ஏர் ஹோஸ் கொடுத்து, பின் வண்டியின் பிரேக்கும் வேலை செய்யும்படி வைத்து மெதுவாகக் கொண்டுபோவது. தூரம் அதிகமென்றால் கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் ஆயில் சரியாகச் சுற்றாது, இழுத்துக்கொண்டே போனால் உள்ளே காய்ந்து பிடித்துக்கொள்ளும். 2017-இல் மாற்றப்படும் வரை நடப்பில் இருந்த 1989-ஆம் வருட சாலை விதிமுறைகளில் இழுத்துச் செல்வதற்கென்றே எல்லை இருந்தது: இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், பின்னால் அறிவிப்பு எழுதித் தொங்கவிட வேண்டும். மேட்டில் ஒதுங்குமிடம் வரைக்கும் நாற்பது ஐம்பது அடி இழுத்துவிடுவதற்குக் கயிறு போடுவதை நானும் தடுக்க மாட்டேன். அப்போதும் சேஸிஸில் உள்ள கொக்கியில் கட்டுங்கள், பம்பரில் கட்டாதீர்கள். கயிறு அறுந்தால் சாட்டையாக அடிக்கும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

டிராக்டரில் டிரெய்லர் போட்டு மலையில் மரவள்ளியோ மணலோ ஏற்றுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பெரும்பாலான டிராக்டர் டிரெய்லர்களில் பிரேக்கே இல்லை. ஐந்து டன் டிரெய்லரை இரண்டு டன் டிராக்டர் மட்டும் தடுக்க வேண்டும். தடுக்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே திருப்பிவிடும். உழவுக்காகப் பிரித்து வைத்த இடது வலது பிரேக் பெடல்களை ரோட்டில் ஏறும் முன் கொக்கி போட்டு ஒன்றாக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் அங்கேயே கவிழும். நீளமான ஆர்ட்டிகுலேட்டட் டிரெய்லர்கள் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதில் வேண்டியிருக்கும், இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாம் மீறி பிரேக் பிடிக்காமல் போனால்? நியூட்ரல் வேண்டாம், எஞ்சினை அணைக்க வேண்டாம், இருக்கிற கியரை விடவேண்டாம். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டே இருக்கட்டும். விளக்கும் ஹாரனும் போட்டு மற்றவர்களை விலக்குங்கள். ஓடிவரும் வண்டி ஏறி நிற்பதற்கான மணல் மேடு நம் மலைச்சாலைகளில் பெரும்பாலும் கிடையாது, அதனால் மலைப்பக்கச் சரிவில், மண்ணில், வேலியில் உரசி உரசி வேகத்தைக் குறைப்பதுதான் மிச்சமிருக்கிற வழி. பள்ளத்துப் பக்கம் போகக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் உரச முடிவெடுக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த வேகத்தில் உரசுவீர்கள். இது வேலை செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது, நானும் தரவில்லை.

கடைசியாக, தம்பியின் வண்டியில் வந்த புகைக்கு என்ன காரணம் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. நியூட்ரல் ஓட்டமாக இருக்கலாம், ஒரு சக்கரம் மட்டும் இறுகியிருக்கலாம், ஹப் கிரீஸ் கசிந்து லைனிங்கில் பட்டு எரிந்திருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுத்த தடவை குறைந்த கியரில் ஒழுங்காக இறக்கி, கீழே சமதரையில் நிறுத்தி, கட்டை போட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும் புறங்கையைத் தொடாமல் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாரும் அதிகம் சுடுகிற சக்கரத்தைத்தான் தேடுவார்கள். அதோடு சுடாத சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறில் ஒன்று வெதுவெதுப்பாகக் கூட இல்லையென்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்ததால்தான் மற்றது புகைந்திருக்கும். பட்டறையில் விடும்போது புகைந்த சக்கரத்தை மட்டும் பிரித்து லைனிங் மாற்றிக்கொண்டு வந்துவிடாமல், குளிர்ந்து கிடந்த சக்கரத்தின் அட்ஜஸ்டரையும் சேம்பரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரையும் அன்றைக்கே திறந்துவிட்டுவிடுங்கள்.